“எங்க பறிச்ச?”

2020 ஏப்ரல் மாதம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து மூன்றாவது வாரம். கிள்ளானில் எங்கள் தாமானில் ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம். அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். முகக்கவரி, கைத்தூய்மி, வரிசை, உடல் வெப்பச் சோதனை எல்லாம் முடிந்து உள்ளே போனால் கீரைத் தட்டு காலியாகக் கிடக்கும். கிடைத்த ஒரு கட்டும் மறுநாளே அழுகிப் போகும்.

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தைக் கவனித்தேன். பெரிய கால்வாய் ஓரமாக முழங்கால் உயரத்துக்குக் குப்பைக்கீரை. அதன் அடியில் தரையோடு தரையாகப் பருப்புக்கீரை. காசு கொடுத்தாலும் கிடைக்காத கீரை கண்ணெதிரே கிடக்கிறதே என்று ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். இணையக் கூட்டத்துக்கும் இணையக் கூட்டத்துக்கும் இடையில் ஒரு சாதனை செய்துவிட்ட பெருமை எனக்கு.

பாட்டி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பையைத் திறந்து காட்டினேன். ஒரு தண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“எங்க பறிச்ச?”

“பின்னாடி சந்துல, பாட்டி. லோங்காங் ஓரமா.”

பாட்டி எழுந்தார். பையை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குக் கோபம். வெயிலில் நின்று பறித்தது. அன்று மதியம் ரசமும் அவித்த முட்டையும்தான். ஐந்து நாள் கழித்துக் குப்பை போடப் போனபோது அந்தச் சந்தைப் பார்த்தேன். கால்வாயின் இரு கரையும் வைக்கோல் நிறத்தில் காய்ந்து கிடந்தன. நான் பறித்த அன்றோ அதற்கு முந்தின நாளோ யாரோ களைக்கொல்லி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பறிக்கும்போது அத்தனையும் பச்சைப் பசேல் என்றுதான் இருந்தன.

மருந்தடித்த கை

அன்று இரவுதான் பாட்டி சொன்னார். பாட்டி பால்மரம் வெட்டியவர் என்பது எனக்குத் தெரியும். எழுபதுகளில் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது அவரை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள் என்பது தெரியாது. பதினோரு வருடம் அந்த வேலை. நாலு கேலன் மருந்துத் தண்ணீர் நிறைந்த பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் நெம்பிக்கொண்டே, மறு கையால் புல்லுக்கு அடிக்க வேண்டும். கையுறை கிடையாது. பழைய சட்டையை மூக்கில் கட்டிக்கொள்வார்கள். பம்பு ஒழுகினால் முதுகு நனையும், முதுகு எரியும்.

“நகம் எல்லாம் கறுத்து உரிஞ்சு போச்சும்மா. மூக்குல ரத்தம் வரும். கேட்டா, வெயில் சூடுன்னு சொல்லிட்டாங்க.”

அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். தோட்டத்து மருந்தடிப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். நகம் உரிவதும் மூக்கில் இரத்தம் வடிவதும் இந்த மருந்தின் அறிந்த விளைவுகள். ஒரு வாய் விழுங்கினால் உயிரே போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. 2002-இல் அரசாங்கம் இதைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அதாவது, நான் கீரைப் பையோடு வந்து நின்றதற்கு மூன்று மாதம் முன்பு.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். “இப்பத்தான் நிறுத்துனாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில், அடுத்த கும்பலின் வரிசை ஓரமாக நல்ல குப்பைக்கீரையைக் கண்டு மடி நிறையப் பறித்து வந்திருக்கிறார். கழுவி, நறுக்கி, அடுப்பில் வைத்துக் கடைந்து, பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும் நேரம். பக்கத்து லயத்து அக்காள் ஓடி வந்து, அந்த வரிசையில் அன்று காலையில்தான் மருந்தடித்தது என்று சொல்லியிருக்கிறார். பாட்டி சட்டியோடு கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டினார். கோழி கிளறக்கூடாது என்று மேலே கல்லை வைத்தார். அன்று இரவு நாலு பிள்ளைகளுக்கும் சோறும் உப்பும்தான். என் பெரிய மாமா பசியில் அழுதுகொண்டே தூங்கினாராம்.

“அன்னைக்கு அவ ஓடி வரலைன்னா உங்கம்மா இல்ல. நீயும் இல்ல” என்றார். இதைக் கேட்டபோது என் அம்மாவும் அங்கேதான் இருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி.

மறுநாளிலிருந்து பாட்டி கும்பலில் ஒரு காரியம் செய்தார்களாம். கிணற்று மேட்டில், கோயில் பின்புறம், ஆயாக்கொட்டகைப் பக்கம் என்று கீரை முளைக்கும் சில இடங்களில் பம்பின் முனையைத் திருப்பிக்கொள்வார்கள். மண்டோர் பார்த்தால் திட்டு. பார்க்காவிட்டால் அந்த வாரம் குழம்பு. கீரையைக் கொல்லச் சம்பளம் வாங்கியவர்களே கீரையைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறார்கள்.

பச்சையாக நிற்பதால் நல்லது என்று அர்த்தமில்லை

இது உங்களுக்கும் தேவைப்படும் செய்தி. பாராகுவாட் அடித்த செடி சில மணி நேரத்தில் வாடி, ஓரிரு நாளில் கருகிவிடும். கண்ணால் பார்த்தே ஒதுங்கலாம். இன்று பரவலாகப் புழங்கும் கிளைபோசேட் வகை அப்படியல்ல. இலை வழியாக உள்ளே போய், வேர்வரை இறங்கி, மெதுவாகக் கொல்லும். செடி மஞ்சளாகவே நாலு நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். அதுவரை கீரை கொழுகொழுவென்று நிற்கும். தண்ணீரில் அலசினாலும் உள்ளே போனது வராது.

ஆகவே பாட்டியின் முதல் பாடம், எந்தச் செடி என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த இடம் என்று கேட்பது. சாலையோரம், இரயில் தண்டவாள ஓரம், மின்கம்பி போகும் பாதை, திடல் வேலியோரம், செம்பனைக் காட்டு வரப்பு ஆகிய இடங்களில் பறிக்கவே கூடாது. கால்வாய் ஓரம் மருந்துக்காக மட்டுமல்ல, எலிச் சிறுநீருக்காகவும் ஆகாது. லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல் நம் நாட்டில் ஆண்டுதோறும் வருவது. பழைய பட்டறை, குப்பைமேடு இருந்த இடத்து மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கும். கீரை அவற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

சட்டமும் ஒன்று உண்டு. வனக் காப்புப் பகுதிகளில் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக்கூடாது. சிங்கப்பூரில் பூங்காக்களில் அனுமதியின்றிச் செடி கொடியைப் பறிப்பது குற்றம். கீழே விழுந்த பழத்தைப் பொறுக்குவதற்கும் அங்கே யோசிக்க வேண்டும். அங்கிருக்கும் உறவினர்கள் நம்மைப் பார்த்து ஆசைப்பட்டால் தொட்டியில் வளர்த்துக்கொள்வதே வழி.

அப்படியென்றால் எங்கேதான் பறிப்பது? நம் வீட்டுப் பின்கட்டு, தெரிந்தவர் கொல்லை, பக்கத்துக் கோயில் வளாகம், தாமான்வாசிகள் பராமரிக்கும் சமூகத் தோட்டம். எல்லா இடத்திலும் கேட்டுவிட்டுத்தான். “மருந்து அடிப்பீங்களா?” என்ற கேள்வியையும் சேர்த்து.

வீட்டைச் சுற்றி ஐந்து கீரை

பாட்டிக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்குக் கொடுத்திருந்த தேதி கோவிட்டால் தள்ளிப்போயிருந்தது. அதனால் அவர் செடிகளைப் பார்த்துச் சொல்லவில்லை. தொட்டு, ஒடித்து, முகர்ந்து சொன்னார். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. படம் பார்த்துப் படிப்பதைவிடக் கையால் படித்தது மறக்கவில்லை.

பருப்புக்கீரை: மலாய்க்காரர்கள் கெலாங் பாசிர் என்பார்கள். செந்தண்டு, தடித்த வழவழப்பான சிறு இலை, லேசான புளிப்பு. இதே மாதிரி தரையில் படரும் இன்னொரு செடி உண்டு. அதை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அது ஆகாது. பருப்புக்கீரையில் வருவது வெறும் தண்ணீர். ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்த்த பிறகே சட்டிக்குள் போட வேண்டும். ஒமேகா-3 கொழுப்பு அமிலம் உள்ள அரிய கீரைகளில் இது ஒன்று. ஆனால் ஆக்சலேட்டும் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

குப்பைக்கீரை, முள்ளுக்கீரை: இரண்டும் ஒரே குடும்பம். முள்ளுக்கீரைக்கு, மலாயில் பாயம் டூரி, கணுவுக்குக் கணு முள் இருக்கும். நுனிக்கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். பூ விடும் முன் பறித்தால் வெண்ணெய் போல் கடையும்.

பொன்னாங்கண்ணி: மலாயில் கெரெமாக். ஈரம் உள்ள இடத்தில் படரும். இலை எதிர் எதிராக இருக்கும். இலைக்கக்கத்தில் சிறு வெள்ளைப் பூ உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்ச் சந்தையில் விற்கும் சிவப்பு இலை வேறு ரகம். பருப்போடு பொரியல் செய்தால் இரண்டுமே ருசிதான்.

வல்லாரை: பெகாகா. மலாய் உணவுக்கடையில் உலாம் தட்டில் பச்சையாக வைப்பார்கள். நாமே பறித்ததைப் பச்சையாக உண்ணும்போது மிகுந்த கவனம் தேவை. மண்ணோடு ஒட்டி வளர்வது, நத்தை ஊர்ந்திருக்கும். பாட்டி பச்சையாகத் தொடவே மாட்டார். துவையலுக்கும் எண்ணெயில் நன்றாக வதக்கித்தான் அரைப்பார்.

சாயூர் மானிஸ்: தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பார்கள். பெரும்பாலும் வேலியோரத்தில் யாராவது வைத்தது. முட்டையோடு வதக்கினால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் வேகவைத்துத்தான் உண்ண வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் தைவானில், உடல் எடை குறையும் என்று நம்பி இதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரல் மீளாத அளவுக்குக் கெட்டுப்போனது. சிலர் இறந்தும் போனார்கள். இயற்கையானது என்பதால் எவ்வளவும் எப்படியும் சாப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

என் தொண்டையில் ஊசி

இவ்வளவும் கற்ற பிறகு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. ஜூலை மாதம், தெரிந்தவர் ஒருவரின் கொல்லையில் கெலாடி இலைகளைப் பார்த்தேன். கைப்பேசிச் செயலியில் படம் எடுத்தேன். சேம்பு என்று காட்டியது. பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார்; எழுப்பிக் கேட்காமல் தண்டைச் சீவிப் புளிக்குழம்பு வைத்துவிட்டேன்.

பாட்டி வைத்திருந்த ஒரு விதி என்னைக் காப்பாற்றியது. புதிதாகப் பறித்த எதையும் சமைத்தவர் முதலில் ஒரு கரண்டி சாப்பிட்டு, மறுநாள்வரை பொறுத்துப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு. ஒரு துண்டுதான் வாயில் போட்டேன். அரை நிமிடத்தில் நாக்கு, உதடு, தொண்டை முழுக்க ஊசி குத்துவது போல இருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. கணவர் உடனே மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார். மூச்சுக்குழல் வீங்காததால் பிழைத்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்து அனுப்பினார்கள். அந்தச் செடிகளின் தண்டிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி வடிவப் படிகமாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது என்று மருத்துவர் விளக்கினார்.

நான் சமைத்தது சேம்பு அல்ல. அதன் பங்காளியான காட்டுக் கெலாடி. சேம்பு இலையில் காம்பு, இலையின் உட்புறத்தில், குடைக்குக் கம்பி நிற்பது போல ஒட்டியிருக்கும். இலை நுனி தரையைப் பார்க்கும். நான் பறித்ததில் காம்பு இலையின் பிளவிலேயே சேர்ந்திருந்தது. நுனி வானத்தைப் பார்த்தது. நல்ல சேம்பையும்கூடப் புளி சேர்த்து நன்றாக வேகவைக்காவிட்டால் அரிக்கும். செயலி இலையை மட்டும்தான் பார்த்தது. காம்பு எங்கே சேர்கிறது என்று அது கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி திட்டுவார் என்று நினைத்தேன். “யாரைக் கேட்டு வச்ச?” என்றார். “போன்” என்றேன். சிரித்துவிட்டார். பிறகு அழுதார்.

மூன்றடி நிலம்

இப்போது நாங்கள் வெளியே பறிப்பது குறைவு. வீட்டின் பின்னால் துணி காயப்போடும் மூன்றடி மண்ணில் புல்லைப் பிடுங்குவதை நிறுத்தினோம். தெரிந்தவர் கொல்லையிலிருந்து பருப்புக்கீரைத் தண்டும் பொன்னாங்கண்ணித் தண்டும் கொண்டுவந்து செருகினோம். குப்பைக்கீரை தானாக வந்தது. வேலியில் முடக்கத்தான் ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் மாவோடு அரைத்துத் தோசை. மூலையில் இரண்டு மரவள்ளிக் குச்சி நட்டோம்.

மரவள்ளி நட்டதும் பாட்டி தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல், தோட்டத்துச் சனங்கள் கிழங்கையும் இலையையும் தின்றே உயிர் பிழைத்தார்கள். பாட்டி பிறந்தது 1943-இல். அந்தக் கிழங்குக் கஞ்சிதான் முதல் சாப்பாடு என்று அவருடைய அம்மா சொல்வாராம்.

பக்கத்து வீட்டு மக்சிக் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து காடோக் இலை கொடுத்தார். வெற்றிலை போலவே இருக்கும். ஆனால் வெற்றிலையின் காரம் இல்லை. நாங்கள் மரவள்ளிக் கொழுந்து கொடுத்தோம். அவர் அதைத் தேங்காய்ப் பாலில் மாசாக் லெமாக் செய்து ஒரு கிண்ணம் திருப்பி அனுப்பினார். மலாய்க்காரர் உலாம் என்கிறார், நாம் கீரை என்கிறோம். வேலிக்கு இரு பக்கமும் முளைப்பது ஒன்றுதான்.

பாட்டிக்கு இப்போது 82 வயது. கண் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது; முட்டி வலியால் குனிய முடியாது. நாற்காலியைப் பின்கட்டில் போட்டு உட்கார்ந்து, என் மகன் பறித்து வருவதை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பார். அவனுக்கு ஒன்பது வயது. போன மாதம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். என் மாமியார் ஆசையாக முருங்கைக்கீரைப் பொரியல் செய்து வைத்தார். இவன் தட்டைப் பார்த்துவிட்டு, “எங்க பறிச்சீங்க, அப்பாயி?” என்று கேட்டுவிட்டான். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை. பின்வாசலில் இருந்த மரத்தைக் கைகாட்டி, “நம்ம வீட்டு மரம்டா. மருந்தே அடிச்சதில்ல” என்றார். அதன் பிறகுதான் சாப்பிட்டான்.

பாட்டி கைப்பக்குவம் இரண்டு

பருப்புக்கீரை மசியல்: துவரம்பருப்பு அரைக் கப்பை மஞ்சள் தூளும் நாலு பல் பூண்டும் சேர்த்து மலர வேகவையுங்கள். ஆய்ந்து, மூன்று தண்ணீரில் அலசிய கீரை இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் ஆறு, பச்சை மிளகாய் இரண்டு சேர்த்துப் பத்து நிமிடம் வேகவிட்டு மத்தால் கடையுங்கள். கீரையே புளிக்கும், புளி வேண்டாம். கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய் தாளித்து, கடைசியில் உப்பு.

மரவள்ளிக் கொழுந்து நெத்திலிப் பிரட்டல்: நுனியில் உள்ள இளம் இலைகளை மட்டும் எடுங்கள். மரவள்ளி இலையில் சயனைடு நச்சு உண்டாக்கும் பொருள் இருப்பதால் பச்சையாக ஒருபோதும் உண்ணக்கூடாது. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். எண்ணெயில் ஒரு கைப்பிடி நெத்திலியைப் பொரித்துத் தனியே வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு, இடித்த காய்ந்த மிளகாய் வதக்கி, பிழிந்த இலையைப் போட்டுப் பிரட்டி, தேங்காய்ப்பூ இரண்டு கரண்டி, நெத்திலி சேர்த்து இறக்குங்கள். நெத்திலியில் உப்பு இருக்கும். ருசி பார்த்துப் போடுங்கள்.

இரண்டுக்கும் முன்னால், பாட்டியின் கேள்வியை மறக்க வேண்டாம்.